நிழலுக்குப் பேசிய கூலி

விதுல் மேஸ்திரி, தான் செத்த பிறகு பார்க்க வேண்டிய வேலைக்குக் கூலி பேசியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த அரம் நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. வலி மறுநாள்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் உள்ளே நுழைய வலிக்கு இடமில்லை, அவ்வளவு அதிர்ச்சி.

எங்கள் ஊர் மண்ணில் கல்லைத் தவிர வேறெதுவும் விளையாது. அதனால் வசந்தத்தில் புனித ஜார்ஜ் திருநாள் கழிந்ததும் ஆம்பிளைகள் எல்லோரும் கோடரியும் உளியுமாகப் பால்கன் மலையிலிருந்து இறங்கிவிடுவோம். பல்கேரியாவின் சமவெளி ஊர்களில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, குளிர் தொடங்கும் புனித திமித்ரி நாளுக்குத் திரும்புவோம். எங்கள் ஜமாவுக்கு விதுல் மேஸ்திரி தலைவர். நான், மின்கோ, அவருக்கு அடுத்தவன். லால்யோ எனக்கு அடுத்தவன். ஆனால் வாயில் எங்கள் இருவருக்கும் முந்தியவன்.

மேஸ்திரியின் வேலை என்ன, கூலி என்ன என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மரம் பார்த்து வெட்ட வேண்டும். கழுந்தும் துளையும் இரும்பாணி இல்லாமல் கவ்விக்கொள்ள வேண்டும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரும் மனைவியும் அடித்துக்கொண்டால் விலக்கிவிட வேண்டும். முந்தைய தச்சனின் வேலையைப் பார்த்ததும், "இதை எந்தக் குருடன் செஞ்சான்?" என்று கேட்க வேண்டும், அப்படிக் கேட்காத மேஸ்திரியை ஒருவரும் நம்புவதில்லை. முகட்டு விட்டம் ஏற்றிய அன்று, அதன்மேல் நின்றுகொண்டு, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கட்டும் ஒவ்வொரு சட்டைக்கும் துண்டுக்கும் கொடுத்தவர் பெயர் சொல்லி ஊர் முழுக்கக் கேட்கும்படி வாழ்த்த வேண்டும். இவ்வளவுக்கும் நாள் கூலி, சாப்பாடு, முகட்டு நாளில் ஆளுக்கு ஒரு சட்டை.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு வேலை உண்டு. அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை. வீடு அசையாமல் நிற்க வேண்டுமானால் அதற்கு ஒரு காவல் வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவனின் நிழலை அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலை அடி உத்தரத்தில் துளை போட்டு வைத்து, ஓக் முளையால் அடைத்துவிட வேண்டும். நாற்பதாம் நாள் அவன் செத்துப்போய் அந்த வீட்டுக்குக் காவலாக வந்துவிடுவான். முளையை யாராவது பிடுங்கினால், பிடுங்கியவன் அந்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு சேவலை அறுத்து அதோடு திருப்திப்பட்டுவிடுவார்கள். சேவலின் நிழல் சின்னதுதான். சின்ன வீட்டுக்கு அது போதும்.

குன்யோவின் வீடு சின்ன வீடு அல்ல. அவர் கம்பளி வியாபாரி. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் தேய்ந்துபோகக் கூடாது என்று ஒன்றை மூடிக்கொண்டே கணக்குப் பார்க்கும் சிக்கனக்காரர். அப்படிப்பட்டவர் இரண்டு மாடியில், மேல்மாடி தெருப்பக்கம் துருத்தி நிற்கும்படி வீடு கேட்டார்.

"சேவலெல்லாம் வேணாம் மேஸ்திரி. ஆளாவே பாருங்க. நல்லா திடகாத்திரமா."

"அதுக்குத் தனிக் கூலி, குன்யோ அண்ணே."

"உங்களுக்கு மட்டுந்தானே? அந்த ஆளுக்கு நான் எதுவும் குடுக்க வேண்டியதில்லையே?"

"அவனுக்கு எதுக்கு?"

"அப்ப சல்லிசுதான்" என்று குன்யோ மூடிய கண்ணைத் திறந்தார்.

அந்த அப்பாவியின் கதி என்ன என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டவனைத்தான் முதலில் அளப்பார்கள்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. அளக்கிறவன் நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணும் கண்ணும் ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே உத்தரத்துக்குள் போய்விடுவார்கள். இந்த முறையை விதுல் மேஸ்திரி போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் வேறு யாருமில்லை. வினை அங்கேதான் வந்தது.

ஒரு சாயங்காலம் சல்லடை விற்கும் ஒருவன், உருண்டைக் கட்டாகச் சல்லடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவோடு வந்தான். கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முட்டி போட்டார். தரையில் நீட்டிக் கிடந்த நிழலின் மேல் நூலைப் போட்டு, உச்சியில் அறுத்து, சுருட்டித் துளையில் திணித்து, முளையைக் கொட்டாப்புளியால் மூன்றே அடியில் இறக்கிவிட்டார். சுத்தமான வேலை. அதைப் பார்க்கிற கூட்டம் இருந்தால் கைதட்டியிருக்கும்.

அன்றிரவுச் சாப்பாட்டில் பீன்ஸ் குழம்பைத் தொட்டுக்கொண்டே மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்:

"நல்ல உசரமான ஆளு. நூலே பத்தாதோன்னு ஆயிடுச்சு. தலையில கட்டோட உருண்டையாத் தெரிஞ்சான்."

லால்யோ ரொட்டியைப் பிட்டபடி நிறுத்தினான்.

"யாரு மேஸ்திரி? சல்லடைக்காரனா? நீங்க முட்டி போடறதுக்கு முன்னாடியே அவன் கிணத்துப்பக்கம் தண்ணி குடிக்கத் திரும்பிட்டானே."

"என்னடா சொல்றே?"

"நெஜமாத்தான். அங்க வெயில்ல நின்னது நீங்க ஒருத்தர்தான்."

"தலை உருண்டையா இருந்துச்சுடா!"

"உங்க ஆட்டுத்தோல் குல்லா பின்ன சதுரமாவா இருக்கு?"

மேஸ்திரி கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் போய் மூழ்கியது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. லால்யோவின் மீசை இரண்டு பக்கமும் மேலே விறைத்து நின்றது. அந்த வாரம் முழுவதும் எண்ணெய் போட்டு நீவியும் இறங்கவில்லை. சொன்னது அவன்தான், ஆனால் சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

"முளையைப் புடுங்கிடலாமா?" என்றேன்.

"யாரு புடுங்கறது? நீயா?" என்றார் மேஸ்திரி.

நான் குழம்பைப் பார்த்தேன்.

 அடுத்த சில வாரங்களிலும் அவர் வேலையை விடவில்லை. தூண்கள் எழும்பின. கைமரங்கள் ஏறின. அவர் இழைத்த பலகையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்தது. நானே பார்த்தேன், விழுந்த ஈ எழுந்து போகும்போது நொண்டியது.  பிறகு ஒரு காலையில் உளியைக் கீழே வைத்துவிட்டுக் குன்யோவையும் அவர் மனைவி கெர்கினாவையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணே, ஒரு வேலை விஷயம் பேசணும்."

"கூலி ஏத்தறதுன்னா நான் நின்னுக்கிட்டே முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார் குன்யோ.

"இந்த வீட்டுக்குக் காவலா வர்றது நான்தான். அளந்தது என் நிழலைத்தான். செத்தப்புறம் எனக்கு என்ன வேலை, என்ன கூலின்னு இப்பவே பேசிக்கலாம். அப்புறம் பேச எனக்கு வாய் இருக்காது."

என் பெருவிரலில் அரம் விழுந்தது அப்போதுதான். கெர்கினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். குன்யோவுக்கு இரண்டு கண்ணும் திறந்துகொண்டன; அவர் கணக்கில் அது பெரிய செலவு.

"நிழலுக்குத்தான் தனியாக் காசு குடுத்துட்டேனே!"

"அது நிழலைப் பிடிச்சு வச்ச கூலி. இது காவல் பாக்கற கூலி. ரெண்டும் வேற வேற."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வீடு நிக்கிற வரைக்கும். என் கைவேலை. முன்னூறு வருஷம்னு வச்சுக்குங்க."

"முன்னூறு வருஷமா!" குன்யோ அடிமரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "கொஞ்சம் மட்டமா கட்டியிருக்கக் கூடாதா?"

"முதல்ல வேலையைச் சொல்லிடறேன். உத்தரம் விரிசல் விட்டா உள்ளேயிருந்து அழுத்திப் பிடிச்சுக்குவேன். புழு வந்தா சத்தம் போட்டு விரட்டுவேன். திருடன் வந்தா அவன் கால் படற படியை மட்டும் கிறீச்சுனு கத்த வைப்பேன். தீப்பிடிச்சா ஊரையே எழுப்புவேன்."

"எலி?"

"எலி என் வேலை இல்ல அண்ணே. நான் தச்சன். பூனை வளத்துக்குங்க."

"கூரை ஓடு நழுவினா?"

"ஓடு போட்டவன் நிழலை அளந்திருக்கணும். மரம்னா நான். ஓடு, கல்லு, மண்ணு இதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல."

"செத்ததுக்கப்புறமும் அது என் வேலை இல்ல, இது என் வேலை இல்லன்னு பேச்சு வருதா உனக்கு?"

"இப்பவே பேசலேன்னா அப்புறம் எல்லாத்தையும் என் தலையில கட்டிடுவீங்க. ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது. ஈஸ்டருக்கு ஒரு வாரம் லீவு."

"பேய்க்கு லீவா!"

"பேயில்ல. மேஸ்திரி."

அதுவரை பேசாமலிருந்த கெர்கினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க ரெண்டு பேரும். ராவும் பகலும் ஒரு ஆம்பளை என் வீட்டுச் சுவத்துல இருந்து பாத்துக்கிட்டிருப்பானா? அப்ப நான் எங்கதான் குளிக்கிறது?"

"அக்கா, துணி துவைக்கிற அறை முழுக்கக் கல்லு. அங்க எனக்கு வேலையே இல்ல" என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கெர்கினா யோசித்தாள். கல்லறைக்குப் போகப்போகிறவன் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் எப்படி மறுப்பது? உட்கார்ந்துவிட்டாள்.

கூலிக்கு வந்தார்கள். சனிக்கிழமைதோறும் பரணில் ஒரு கிண்ணம் பீன்ஸ், ரொட்டி, ஒரு குப்பி ராக்கியா சாராயம். அதைத் தவிர, மேஸ்திரி உயிரோடிருக்கும்போது வாங்கும் நாள் கூலியில் பாதியை மாதாமாதம் மலைக்கு, அவர் மனைவி ஸ்டோய்னாவின் கையில் சேர்க்க வேண்டும்.

"வேலைக்கு வராத ஆளுக்குக் கூலியா?" என்றார் குன்யோ.

"வெளியே போகாத ஆளுக்கு அண்ணே. நான் வேற எங்க போவேன்? அவளுக்கு வேற யாரு இருக்கா? கூலி தராம காவல் பாக்க வச்சா, கோவிச்சுக்கிட்டு நான் முகட்டை விட்டு எறங்கிடுவேன். அப்ப வீடும் என்கூடவே எறங்கும்."

குன்யோ அண்ணாந்து மேல்மாடித் துருத்தலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். உயிரோடிருக்கும் தச்சனுக்கு இப்படி ஒரு பேரம் அமைந்ததை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. வாரம் ஒருநாள் லீவாம்! நாங்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோடரியோடுதான் கிடந்தோம்.

நாற்பதாம் நாளுக்கு முந்தின மாலை ஸ்டோய்னா மலையிலிருந்து இறங்கி வந்தாள். ஆள் சொல்லியனுப்பியிருந்தோம். கறுப்பு உடுத்தி வந்திருந்தாள். புருஷனைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் மேஸ்திரி அவளுக்குத் தைரியம் சொல்லவேண்டிக் கூலி விவரத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். அழுகை நின்றது. அவரைக் கையளவு தூரத்தில் தள்ளி நிறுத்திப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை லீவா?"

"ஆமா."

"சனிக்கிழமை சனிக்கிழமை சாப்பாடும் சாராயமுமா?"

"ஆமா."

"காசு நேரா என் கையிலயா?"

"ஆமாண்டி. உனக்குக் கஷ்டமில்லாம."

"ஏய்யா, இத்தனை வருஷத்துல, உசுரோட இருக்கறப்ப ஒரு நாளாவது இப்படிக் கூலி பேசியிருக்கியாய்யா நீ? யாரு எவ்வளவு குடுத்தாலும் 'சரிங்க'ன்னு குல்லாவைக் கழட்டிட்டு வருவியே!"

மேஸ்திரி குல்லாவைக் கழற்றினார். அது பழக்கம். அவள் மறுபடியும் அழத் தொடங்கினாள். இந்த முறை அதில் கோபமும் கலந்திருந்தது. நானும் லால்யோவும் மரச் சீவல்களைக் கூட்டிப் பெருக்கப் போனோம். பெருக்க அங்கே எதுவுமில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரி குளித்து, முகம் வழித்து, முகட்டு நாளில் கிடைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பெரிய கூடத்தில், தானே இழைத்த பலகைமேல் மல்லாந்து படுத்தார். தலைமாட்டில் மெழுகுவத்தியோடு ஸ்டோய்னா. கால்மாட்டில் நாங்கள். குன்யோவும் கெர்கினாவும் வாசலுக்குப் பக்கத்தில். மேஸ்திரி மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகப் பயந்து அல்ல. ஒரு கைமரம் ஒரு நூலளவு விலகியிருப்பதாக அவருக்குச் சந்தேகம். "மின்கோ, நாளைக்கு அதைப் பாத்துக்க" என்றார்.

உச்சிப்பொழுது ஆயிற்று. இலை அசையாத வெயில். அப்போது வெளியே ஒரு சத்தம். காட்டில் ஓக் மரம் சாய்வதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அந்த ஆயிரத்தையும் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் கீழே போட்டதுபோல் இருந்தது. மெழுகுவத்தி அணைந்தது. கெர்கினா, "போயிட்டார்!" என்று அலறினாள். உயிர் போகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மேஸ்திரிதானே, அவர் உயிருக்குக் கொஞ்சம் மரமும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் எங்கேயும் போகலையே" என்றார் மேஸ்திரி பலகை மேலிருந்து.

கதவைத் தள்ளிக்கொண்டு பாதிரியார் நைதென் உள்ளே ஓடிவந்தார். தாடி முழுக்கத் தூசி.

"மணிக்கூண்டு போச்சு! காத்தும் இல்ல, மழையும் இல்ல. மாடு படுக்கிற மாதிரி முன்னங்காலை மடக்கிப் படுத்துடுச்சு!"

லால்யோவின் மீசை மறுபடியும் மெதுவாக மேலே ஏறியது.

"மேஸ்திரி," என்றான், "அன்னிக்கு சூரியன் மணிக்கூண்டுக்குப் பின்னாடிதானே எறங்குச்சு? அதோட நிழல் சாயங்காலம் இந்த மனை முழுக்க விழுமே. அதோட உச்சியில உருண்டையா ஒரு குமிழ் இருந்துச்சே..."

"நல்ல உசரமான ஆளு" என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் தலைக்கு மேலே, குன்யோவின் புத்தம்புது முகட்டுக்குள்ளிருந்து மணி அடிக்கத் தொடங்கியது. மணி என்று ஒன்று அங்கே கிடையாது. கோயில் மணியோ தெருவில், புழுதியில் கிடந்தது. இருந்தாலும் பன்னிரண்டு அடித்து முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. இன்றும் அந்த வீட்டில் உச்சிவேளைக்கு அடிக்கிறது. நம்பிக்கையில்லாதவர்கள் போய் வாசலில் நின்று கேளுங்கள். திருவிழா நாட்களில் மட்டும் பரணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், காது போய்விடும்.

குன்யோ காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதலில் எங்கள் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக நரகத்தைச் சொன்னார். பிறகு நிதானத்துக்கு வந்து குன்யோவின் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை பீன்ஸ், ரொட்டி, ராக்கியா. காவலுக்குத்தானே கை குலுக்கினே? காவலுக்கு வந்தது என் மணிக்கூண்டு."

"மணிக்கூண்டு சாப்பிடுமா சாமி!"

"அதுக்காக நான் சாப்பிடறேன்."

குன்யோ எனக்குத் தெரிந்தவரை அன்றுதான் முதன்முறையாக இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினார்.

மேஸ்திரி பலகையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உயிர் தப்பியவன் முகம் மாதிரி அது இல்லை. முன்னூறு வருட வேலை கைநழுவிப் போனவன் முகம்.

"விதுல்," என்றார் பாதிரியார், "நீ பண்ணின பாவத்துக்கு, புது மணிக்கூண்டை நீதான் கட்டித் தரணும். வழக்கமான நாள் கூலிதான்."

மேஸ்திரியின் கை குல்லாவைத் தேடித் தலைக்குப் போனது. "சரிங்க" என்பதன் முதல் எழுத்து வெளியே வருவதற்குள் ஸ்டோய்னா அவர் வாயைப் பொத்தினாள். மறு கையில் அணைந்த மெழுகுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை லீவு. ஈஸ்டருக்கு ஒரு வாரம். மர வேலை மட்டுந்தான். கல்லு தூக்கச் சொன்னா வரமாட்டாரு. சனிக்கிழமை சாப்பாடும் ராக்கியாவும் இவங்க மூணு பேருக்கும். கூலி முழுசா என் கையில."

"அம்மா, இது செத்தவனுக்குப் பேசினதாச்சே!"

"ஆமா சாமி. படுத்துக் கெடக்கறவனுக்கே இவ்வளவுன்னா, ஏணியில ஏறி எறங்கறவனுக்கு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க. வேற மேஸ்திரி வேணும்னா தேடிக்குங்க. நிழலை அளந்து மணிக்கூண்டையே சாச்ச ஆளு இந்தச் சமவெளியில இவரு ஒருத்தர்தான்."

பாதிரியார் தாடியைத் தட்டினார், தூசி பறந்தது. "சரி" என்றார்.

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். சாகப்போகிறோம் என்று தெரிந்த அன்று, குழம்பில் கரண்டி மூழ்கியபோது, அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் நான். இப்போது பாதிரியார் "சரி" என்றதும் அவர் முகத்தில் வந்த அதிர்ச்சிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமேயில்லை.